டேப்புக்குச் சிக்கும் அளவும் சிக்காத அளவும்

குடிபுகுவதற்கான சான்றிதழ் வழங்கப்பட்ட இரண்டு மாதங்களுக்குள் வாங்கியவர் வீட்டைத் தம் வசம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 19(10)-ஆவது பிரிவு. பில்டர்களின் ஒப்படைப்புக் கடிதங்கள் இந்தக் கெடுவைத் தவறாமல் நினைவூட்டுகின்றன. கடைசித் தவணையும் அதே கடிதத்தில்தான் கேட்கப்படுகிறது. அந்தத் தொகை எந்தப் பரப்பளவை வைத்துப் போடப்பட்டது என்பதில்தான் குழப்பம். ஒப்பந்தத்தில் 65 சதுர மீட்டர் என்று இருக்கும் வீடு விளம்பர ஏட்டில் 1,000 சதுர அடியாக நிற்கிறது; அனுமதி வரைபடத்தில் இரண்டுக்கும் பொருந்தாத வேறொரு எண். வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: இவற்றில் எது உண்மையான அளவு?

65 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 700 சதுர அடி. அது கார்பெட் ஏரியா. சட்டத்தில் இலக்கணம் எழுதப்பட்டிருப்பது இதற்கு மட்டும்தான். வீட்டுக்குள் புழங்கக்கூடிய தரைப் பரப்பு சேரும். அறைகளைப் பிரிக்கும் உள் தடுப்புச் சுவர்கள் நிற்கும் இடமும் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் இறங்கும் டக்ட், பால்கனி, வராந்தா, அந்த வீட்டுக்கென்று ஒதுக்கிய திறந்த மாடி ஆகியவை சேராது. விளம்பர ஏட்டிலுள்ள 1,000 என்பது சூப்பர் பில்ட்-அப் ஏரியா. கார்பெட் ஏரியாவோடு வெளிச்சுவரையும் பால்கனியையும் கூட்டி, படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, காவலர் அறை, உடற்பயிற்சிக் கூடம் போன்ற பொது இடங்களிலிருந்து ஒரு பங்கையும் ஏற்றி வரும் எண் அது. ஏற்றுவதற்குத் தொழிலில் லோடிங் என்று பெயர்.

நின்று பார்க்க வேண்டிய இடம் இந்த லோடிங். விற்பனை மேசையில் "லோடிங் முப்பது சதவீதம்தான்" என்று சொல்லப்படுவது வழக்கம். 1,000 சதுர அடியில் 300 சதுர அடி வீட்டுக்கு வெளியே இருந்தால் அது 1,000-த்தில் 30 சதவீதம். ஆனால் ஏற்றியது 700-இன் மேல். 700-இன் மேல் 300 என்றால் கிட்டத்தட்ட 43 சதவீதம். இரண்டு கணக்கிலும் தவறில்லை. எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று சொல்லாமல் விடும்போதுதான் வாங்குபவர் ஏமாறுகிறார்.

விலையிலும் இதே விளையாட்டு நடக்கிறது. இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது 1,000 சதுர அடி, சதுர அடி 7,000 ரூபாய், ஆக 70 லட்சம். இரண்டாவது 950 சதுர அடி, சதுர அடி 7,400 ரூபாய், ஆக 70 லட்சத்து 30 ஆயிரம். முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். கார்பெட் ஏரியாவைக் கேட்டு வாங்கினால் முதல் வீட்டில் 680, இரண்டாவதில் 710 என்று வருவதாக வைத்துக்கொண்டால், முதல் வீட்டின் உண்மையான விலை சதுர அடிக்கு 10,294 ரூபாய். இரண்டாவதன் விலை 9,901 ரூபாய். மலிவாகத் தெரிந்த வீட்டில் சதுர அடிக்கு ஏறக்குறைய 400 ரூபாய் கூடுதல்.

வீட்டுக்குள் உள்ள 700-ஐ ஒரு பொறியாளர் டேப் பிடித்துச் சரிபார்த்துவிடலாம். மீதி 300-இல் பொது இடங்களின் பங்கை எவராலும் அளக்க முடியாது. எதையெல்லாம் சேர்க்கலாம், எந்த விகிதத்தில் பங்கு போடலாம் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஒரு பில்டர் தண்ணீர்த் தொட்டியைச் சேர்ப்பார், இன்னொருவர் கார் போகும் பாதையையும் சேர்ப்பார். விதி இல்லாத எண்ணில் பிழை கண்டுபிடிக்க வழியே இல்லை. அதன் மேல் விலை பேசுவதில் இன்னொரு கேடும் உண்டு. சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி பொது இடங்கள் உரிமையாளர் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட வேண்டியவை. தனித்தனியாகச் சதுர அடிக் கணக்கில் காசு வாங்கிய இடம் எந்த ஒருவருக்கும் தனியாகச் சொந்தமாவதில்லை. சமமான பயன்பாட்டு உரிமைதான் கிடைக்கிறது.

கார்பெட் ஏரியா வந்ததும் குழப்பம் தீர்ந்தது என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க முடியாது. இப்போது எல்லா ஒப்பந்தங்களிலும் ஒரே பெயர் இருப்பது பெரிய முன்னேற்றம். ஆனால் டேப்பின் முனையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வரையறையில் முழு விடை இல்லை.

பூச்சை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் 10-க்கு 12 அடி என்று போட்ட படுக்கையறை பெரும்பாலும் செங்கல்லிலிருந்து செங்கல் வரை போட்ட அளவு. சுவருக்குச் சுவர் அரை அங்குலப் பூச்சு ஏறினால் அறை 9 அடி 11 அங்குலத்துக்கு 11 அடி 11 அங்குலமாகச் சுருங்கும். 120 சதுர அடி 118 சொச்சமாகிவிடும். ஒன்றரை சதவீதக் குறைவு. 700 சதுர அடி வீடு முழுக்க இதே விகிதம் என்றால் பத்து சதுர அடிக்கு மேல் போகிறது; சதுர அடி 10,000 ரூபாய் என்ற கணக்கில் ஒரு லட்சம் ரூபாய். "புழங்கக்கூடிய பரப்பு" என்று சட்டம் சொல்வதால் பூச்சுக்கு உள்ளே அளப்பதே நியாயம். ஆனால் எந்த முகத்திலிருந்து அளக்க வேண்டும் என்று அது வெளிப்படையாக எழுதவில்லை. உலக அளவில் சொத்து அளவீட்டு அமைப்புகள் கூடி 2014-இல் அலுவலகங்களுக்கும் 2016-இல் வீடுகளுக்கும் வெளியிட்ட பொதுத் தரம் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. தரையிலிருந்து 2.75 மீட்டர் உயரம் வரையிலான சுவர்ப் பகுதியில், பூச்சு முடிந்த எந்த முகம் பாதிக்கு மேல் இருக்கிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும் என்று அந்தத் தரம் விதித்தது. பெரிய கண்ணாடிச் சன்னல் சுவரின் பாதிக்கு மேல் இருந்தால் டேப் கண்ணாடி வரை போகும். இல்லையென்றால் சுவரோடு நிற்கும். தகராறுக்கே இடமில்லை. நம் சட்டத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்திருந்தால் எத்தனையோ சச்சரவுகள் முளைத்திருக்காது.

அடுத்தது சுவர்கள். வீட்டுக்குள்ளே அறை அறையாக அளந்து கூட்டிப் பார்த்த பலர், ஒப்பந்தத்தைவிட இருபது சதுர அடி குறைகிறது என்று பதறி எழுதுகிறார்கள். பெரும்பாலும் பதற்றம் தேவையில்லை. தடுப்புச் சுவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். நாலரை அங்குலச் சுவர் இருபுறப் பூச்சோடு ஐந்தரை அங்குலம். வீட்டுக்குள் இப்படி 45 அடி நீளத்துக்குச் சுவர் ஓடினால் அதன் காலடி மட்டுமே இருபது சதுர அடிக்குச் சற்று மேல். சட்டப்படி அது கார்பெட் ஏரியாவில் சேரும். உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு பங்கு போடும் சுவர் வெளிச்சுவரா? அறை மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும் தூண் எதில் சேரும்? வரையறையில் தூண் என்ற பேச்சே இல்லை. ஒன்பது அங்குலத்துக்குப் பதினெட்டு அங்குலத் தூண் ஒவ்வொன்றும் ஒரு சதுர அடிக்கு மேல் இடம் பிடிக்கும்.

பால்கனி சேராது என்பது தெளிவு. ஆனாலும் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்க விடும் யூட்டிலிட்டி வரைபடத்தில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அவசியம். அனுமதி பெற்ற வரைபடத்தில் பால்கனியாக இருப்பது, கண்ணாடி போட்டு அடைத்ததால் மட்டும் கார்பெட் ஏரியா ஆகிவிடாது.

அளக்கும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும், அலமாரி வேலைக்குத் தச்சர் வருவதற்கு முன்பும் அது நடக்க வேண்டும். மரம் ஏறிவிட்டால் சுவரின் முகம் கிடைக்காது. லேசர் மீட்டரின் பின்முனையைச் சுவரில் ஒட்டி வைத்து, ஸ்கர்ட்டிங் டைலுக்கு மேலே, ஒவ்வோர் அறையிலும் நீளத்தையும் அகலத்தையும் இரண்டு இடங்களில் எடுப்பார்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்கள். 10-க்கு 12 அறையில் இரண்டுமே 15 அடி ஏழரை அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். ஒன்று நீண்டு மற்றொன்று குறைந்தால் மூலைமட்டம் சரியில்லை, அறை சாய்ந்த கட்டமாக நிற்கிறது. நீளத்தை அகலத்தால் பெருக்கியது அப்போது பரப்பாகாது. அறையை முக்கோணங்களாகப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். கதவு நிலை, டக்ட், தூண் எல்லாம் தனித்தனியாகக் குறிக்கப்படும். இந்தக் குறிப்புத்தாளில் தேதியும் அளந்தவரின் கையெழுத்தும் இருந்தால் பின்னால் வழக்குக்கும் உதவும்.

அதே நடையில் கட்டடத்தையும் பார்த்துவிடுவது நல்லது. குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் வாட்டம் தெரிந்துவிடும். டைலைத் தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் இடத்தில் அடியில் கலவை பிடிக்கவில்லை. குளியலறைக்கு மறுபுறச் சுவரில் பெயின்ட் உப்பியிருந்தால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். கையில் எடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையையோ வேலைக் குறையையோ எழுதிக் கொடுத்தால், முப்பது நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்பது 14(3)-ஆவது பிரிவு.

அளவு குறைந்தால் பணம் திரும்புமா? மகாராஷ்டிரத்தின் மாதிரி ஒப்பந்தத்தில் மாற்றத்துக்கு 3 சதவீத வரம்பு உண்டு. 700 சதுர அடிக்கு அது 21 சதுர அடி. பத்தாயிரம் ரூபாய் விலையில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். இந்த வரம்பு வாங்குபவருக்குப் பாதுகாப்பு என்றே முன்வைக்கப்படுகிறது. பரப்பு கூடியதாகச் சொல்லி அந்த அளவுவரை கூடுதல் பணம் கேட்க அது இடம் தருகிறது என்பதும் உண்மை. அப்படிக் கேட்கும்போது அளந்த வரைபடத்தைக் கொடு என்று எழுத்தில் கேட்கலாம். தம் ஒப்பந்தத்தில் இந்த ஷரத்து எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கடைசித் தவணையைக் கட்டக் கூடாது.

வாசகர் கடிதங்களில் வரும் வேறு சில கேள்விகள். மாநகராட்சி வரி எந்த அளவில்? சென்னையில் கட்டடத்தின் தளப் பரப்பை வைத்துப் போடுகிறார்கள், அது கார்பெட் ஏரியாவோடு ஒத்துப்போகாது.

யுடிஎஸ், அதாவது மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிபடாத நிலப் பங்கு, சரியா என்று எப்படிப் பார்ப்பது? எல்லா வீட்டுப் பங்கையும் கூட்டினால் மொத்த மனையைத் தாண்டக் கூடாது. சாலைக்கோ பூங்காவுக்கோ தானமாக எழுதிக் கொடுத்த நிலத்தை அந்த மனையில் சேர்க்கவும் கூடாது.

திறந்தவெளி கார் நிறுத்துமிடத்துக்குத் தனி விலையா? சட்டத்தின் வரையறையில் அது பொது இடம்.

பழைய கட்டடத்தில் வீடு வாங்கினால்? பத்திரத்தில் என்ன பரப்பு எழுதியிருந்தாலும் அளந்து பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

கடைக்கும் அலுவலகத்துக்கும் இதே வரையறையா? விற்பனையில் ஆம், கடை, அலுவலகம், கிடங்கு மூன்றும் சட்டத்தின் "அபார்ட்மென்ட்" என்ற சொல்லுக்குள் வருகின்றன. வாடகைக்கு எடுப்பவருக்கு இந்தக் காப்பு இல்லை. அங்கே சூப்பர் பில்ட்-அப் கணக்கில் வாடகையும், அதே கணக்கில் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் கேட்பது வழக்கமாக இருக்கிறது. எனவே கார்பெட் ஏரியாவை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.