‘ஃபார்மேட் பண்ணவா?’னு கம்ப்யூட்டர் கேட்டா, அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீங்க!

போன்ல இடம் ஃபுல். என்ன செய்வோம்? கேபிளைச் செருகி, மூணு வருஷ போட்டோவையும் வீட்டு கம்ப்யூட்டர்ல கொட்டுவோம். ‘அதான் சிஸ்டத்துல இருக்கே’ன்னு போன்ல இருப்பதை அழித்துவிடுவோம். அக்கா கல்யாண வீடியோ, தாத்தாவின் கடைசி பொங்கல், காலேஜ் புராஜெக்ட் எல்லாம் அந்த நொடியிலிருந்து ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கை நம்பித்தான் இருக்கின்றன.

ஒருநாள் அந்த டிரைவைத் திறந்தால், ‘இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று விண்டோஸ் கேட்கிறது. பதற்றத்தில் ‘ஓகே’யைத் தட்டுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் ‘உள்ளே எதுவும் இல்லை’ என்பதல்ல. ‘என்னால் படிக்க முடியவில்லை’ என்பது மட்டும்தான். அதனால் முதலில் ‘கேன்சல்’ கொடுங்கள்.

நாமே பாகங்களை வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் என்றால் சிக்கல் கொஞ்சம் கூடுதல். பிராண்டட் சிஸ்டத்துக்கு ஒரே கம்பெனியைக் கூப்பிடலாம். அசெம்பிள்டு சிஸ்டத்தில் போர்டுக்கு ஒரு வாரன்டி, டிஸ்க்குக்கு ஒரு வாரன்டி, பவர் சப்ளைக்கு ஒரு வாரன்டி. எது பழுது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. பேரையூரில் இருப்பவர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரைக்கு பஸ் ஏறும் முன், வீட்டிலேயே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கரப்ட் ஆவது வேறு, டிஸ்க் சாவது வேறு

எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஒரு பதிவேடு டிஸ்க்கில் இருக்கும். அதைத்தான் ஃபைல் சிஸ்டம் என்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அந்தப் பதிவேடு குழம்பலாம். டிஸ்க் நன்றாக இருக்கும், போட்டோக்களும் அதே இடத்தில் இருக்கும், விலாசம் மட்டும் தொலைந்துவிடும். இது கரப்ஷன்.

டிஸ்க்கே தேய்ந்து, சில இடங்களைப் படிக்க முடியாமல் போவது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஸ்கிரீனில் வரும் மெசேஜ் ஒன்றுபோலவே இருக்கலாம், வைத்தியம்தான் நேர் எதிர். முதல் வகையில் நிதானமாக சாஃப்ட்வேர் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டாவது வகையில் டிஸ்க் ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்.

முதல் பத்து நிமிஷம்: செய்யக்கூடாதவை

* ஃபார்மேட் கேட்டாலும், ‘இனிஷியலைஸ்’ கேட்டாலும் வேண்டாம்.
* ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் டவுன்லோடு செய்யாதீர்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு ஃபைலும் பழைய போட்டோ இருந்த இடத்தில் போய் உட்காரலாம்.
* ஆன் செய்யும்போது விண்டோஸ் தானாகவே டிஸ்க் செக் ஆரம்பித்தால், சில நொடிகளுக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி அதைத் தவிர்க்கலாம். செக் டிஸ்க் பதிவேட்டைச் சரிசெய்யும் கருவி, உங்கள் ஃபைலைக் காப்பாற்றும் கருவி அல்ல. பொருந்தாத துண்டுகளை வெட்டித் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிடும்.
* டிக்... டிக்... என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.

கேபிளில் இருந்து ஆரம்பிங்க

சத்தம் எதுவும் இல்லையா? அப்படியென்றால் பிளக்கை சுவரிலிருந்து உருவிவிட்டு கேபினெட்டைத் திறக்கலாம். டிஸ்க்குக்கு இரண்டு கேபிள் வரும். அகலமானது பவர், ஒல்லியானது டேட்டா கேபிள். அதைத்தான் சாட்டா கேபிள் என்பார்கள். அசெம்பிள்டு சிஸ்டங்களில் அடிக்கடி மாட்டும் குற்றவாளி இந்த ஒல்லி கேபிள்தான். சரியாக க்ளிக் ஆகாமல் செருகியிருப்பார்கள், அல்லது மூடியைப் போடும்போது அழுந்தி மடங்கியிருக்கும். தூசியும் சேர்ந்துகொள்ளும்.

கழற்றி மறுபடி மாட்டுங்கள். முடிந்தால் வேறு கேபிள், மதர்போர்டில் வேறு போர்ட், பவர் சப்ளையில் வேறு கனெக்டர் என்று ஒன்றொன்றாக மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் தப்பு எதில் இருந்தது என்று தெரியாமலே போய்விடும். அடுத்து பயாஸ் ஸ்கிரீனில் டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அங்கேயே வரவில்லை என்றால் அது விண்டோஸ் பிரச்னை இல்லை. கேபிள், பவர், டிஸ்க் இந்த மூன்றில் ஒன்று.

டிஸ்க்கின் மெடிக்கல் ரிப்போர்ட்

ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொள்ளும். அதற்குப் பெயர் ‘ஸ்மார்ட்’. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச சாஃப்ட்வேரில் அதைப் பார்க்கலாம். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. நிறத்தோடு நிறுத்தாமல் மூன்று வரிகளை மட்டும் தேடிப் படியுங்கள்.

* ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்: கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் தன்னிடம் உள்ள ஸ்பேர் இடங்களைப் பயன்படுத்திய எண்ணிக்கை.
* கரன்ட் பெண்டிங் செக்டார்: இப்போது படிக்க முடியாமல் தடுமாறும் இடங்கள்.
* சி.ஆர்.சி எரர்: டேட்டா கேபிளில் வரும் வழியில் சிதைந்த தகவல்கள்.

முதல் இரண்டும் பூஜ்யமாக இருப்பதுதான் நல்லது. அவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் கிளம்பத் தயாராகிறது. மூன்றாவது மட்டும் ஏறியிருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கேபிளை மாற்றிய பிறகும் அந்தப் பழைய எண் குறையாது. ஆனால் மேலே ஏறாமல் நின்றுவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று அர்த்தம்.

நீலமாக இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கிவிடவும் முடியாது. 2007-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரப்பை ஸ்கேன் செய்யும்போது முதல் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். அதே ஆய்வில் செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவிகிதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூட காட்டவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தால் நம்புங்கள். எரியவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்

டிரைவ் திறக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது என்றால், வேறு ஒரு டிஸ்க்குக்கு உடனே காப்பி எடுங்கள். எதை முதலில்? திரும்பக் கிடைக்காததை. குடும்ப போட்டோ, புராஜெக்ட், கடைக் கணக்கு முதலில். சினிமாவும் கேமும் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம்.

டிரைவ் திறக்கவே இல்லை, ஆனால் ஸ்மார்ட் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது என்றால் ‘டெஸ்ட் டிஸ்க்’, ‘போட்டோ ரெக்’ என்ற இரண்டு இலவச சாஃப்ட்வேர்கள் உதவும். முதலாவது தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும். இரண்டாவது பதிவேட்டைக் கண்டுகொள்ளாமல், டிஸ்க் முழுக்கத் துழாவி போட்டோக்களைப் பொறுக்கி எடுக்கும். பழைய பெயர்கள் கிடைக்காது, படங்கள் கிடைக்கும். மீட்டதைக் கண்டிப்பாக வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்.

ரிப்போர்ட் மஞ்சளா? லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து ‘டிடி ரெஸ்க்யூ’ மூலம் மொத்த டிஸ்க்கையும் ஒரு நகல் எடுப்பது பாதுகாப்பு. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில் வரும். மற்ற ஆராய்ச்சியெல்லாம் அந்த நகலில் செய்யலாம். சத்தம் வரும் டிஸ்க்கில் மட்டும் இதையும் செய்யாதீர்கள். பெரிய நகரங்களில் உள்ள டேட்டா ரெக்கவரி லேப்தான் ஒரே வழி. டிஸ்க்கை வீட்டில் திறந்து பார்ப்பதும், ஃப்ரிட்ஜில் வைப்பதும் இருப்பதையும் கெடுக்கும். வாரன்டியில் கொடுத்தால் டிஸ்க்தான் மாற்றித் தருவார்கள், உள்ளே இருந்தது வராது.

எஸ்.எஸ்.டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் சத்தம் வராது, சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும். அழித்த ஃபைலின் இடத்தை அது தானாகவே காலி செய்துவிடுவதால், தவறுதலாக அழித்ததை மீட்பதும் கஷ்டம்.

புது டிஸ்க்கும் கரப்ட் ஆகுதா?

டிஸ்க் மாற்றிய பிறகும் அதே தொல்லை என்றால், டிஸ்க் நிரபராதி. ரேமைச் சந்தேகப்படுங்கள். டிஸ்க்குக்குப் போகும் எதுவும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேம் தவறாகக் கொடுத்தால், டிஸ்க் அந்தத் தவறை அப்படியே உண்மையாக எழுதிவைக்கும். ‘மெம் டெஸ்ட் 86’ என்ற சாஃப்ட்வேரை ஓர் இரவு ஓடவிட்டால் குட்டு வெளிப்படும்.

அடுத்த சந்தேகம் கரன்ட். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் நிறுத்தினால் முன்கூட்டியே அறிவிப்பு வரும், ஷட்டவுன் செய்துவிடலாம். மதியம் திடீர்னு காத்து கிளம்பி, கரன்ட் போய்ப் போய் வரும் நாள்கள்தான் ஆபத்து. ஒரு சின்ன யூ.பி.எஸ் போதும், ஒழுங்காக ஷட்டவுன் செய்ய அவகாசம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ‘யூ.பி.எஸ் மோட்’ இருந்தால் அதை ஆன் செய்துவையுங்கள். கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் எர்த் சரியில்லை. முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒரு காப்பி என்பது காப்பியே இல்லை

1998-ல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் ஃபைல்கள் பிக்ஸார் நிறுவனத்தில் ஒரு தவறான கமாண்டால் அழிந்தன. பேக்கப்பைத் தேடினால், அது பல நாள்களாகச் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த ஓர் ஊழியரின் வீட்டு கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.

பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராபர் பிரபலப்படுத்திய 3-2-1 கணக்கு இதற்குத்தான். மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகை சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. நமக்கு இப்படிச் செய்யலாம்: கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, முக்கியமானவை மட்டும் கிளவுடில் ஒன்று. டேட்டா பேக் பத்தலையா? ஒரு டிஸ்க்கில் போட்டு சித்தி வீட்டு பீரோவில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, நாலு போட்டோவைத் திறந்து பாருங்கள்.

அதுவரைக்கும், போன்ல இருக்குற போட்டோவை அழிக்க அவசரப்படாதீங்க.