காப்பி அடிக்கலாம் வாங்க!

பரீட்சையில் காப்பி அடித்தால் என்ன ஆகும்? டீச்சரிடம் சரியாக மாட்டிக்கொள்வோம்! ஆனால், காப்பி அடித்தே கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கலை இருக்கிறது குட்டீஸ். அதுதான் எண்ணெய் வண்ண ஓவியம்!

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் அப்பாவையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், அனுபவசாலி செய்ததைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து பழகுவார். கை பழகிய பிறகுதான் தனி வேலை. ஓவியமும் அப்படித்தான்.

சொல்லித் தர ஆள் இல்லை!

கேரளாவின் கிளிமானூரில் 1848ம் ஆண்டு பிறந்தவர் ராஜா ரவிவர்மா. 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். எண்ணெய் வண்ணம் அப்போது இங்கே புதுசு. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் அந்த ரகசியத்தைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் யாருக்கும் தெரியாமல் உதவினாராம்.

1868ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மா விடவில்லை. பார்த்ததை எல்லாம் தன் அறையில் வரைந்து வரைந்து பழகினார். 1873ல், கூந்தலில் பூச்சூடும் பெண்ணை அவர் வரைந்த ஓவியம், வியன்னா கண்காட்சியில் பரிசு வாங்கியது!

உலகப் புகழ்பெற்ற வான்கோவும் காப்பி அடித்தவர்தான். மில்லே என்ற ஓவியரின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து வரைந்து, வண்ணங்களைத் தானே தேர்ந்தெடுத்துத் தீட்டினார்.

நீங்களும் வரையலாம்!

* ரவிவர்மா ஓவியத்தின் அச்சுப் படம் ஒன்றை எடுங்கள். அதன்மேல் பென்சிலால் சம அளவுக் கட்டங்கள் போடுங்கள். கேன்வாஸிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாக வரையுங்கள். மூக்கு, கண் இடம் மாறாது.

* பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து, வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று முதலில் தீட்டுங்கள். காயட்டும்.

* பிறகு வண்ணம். தோலின் நிறம் ஒரே டியூப்பில் கிடைக்காது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு கலந்துதான் வரும்.

* அடி அடுக்கில் எண்ணெய் குறைவாகவும், மேல் அடுக்கில் அதிகமாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஓவியம் வெடித்துவிடும்.

* அவசரம் கூடாது! வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியாகிக் காய்ந்துவிடும். ஆளி விதை எண்ணெயோ காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். அதற்குப் பல நாட்கள் ஆகும்.

ஜாக்கிரதை: ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர்கள் துணையோடு வரையுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காய வையுங்கள்.

அச்சுப் படத்தில் தூரிகையின் தடம் தெரியாது. அசலில்தான் தெரியும். மைசூரு ஜகன்மோகன் அரண்மனை, சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் ஆகியவற்றின் சேகரிப்பில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் உள்ளன. ஓசூர், கிருஷ்ணகிரி குட்டீஸுக்கு மைசூருதான் பக்கம். லீவில் போகும்போது, எந்தெந்தக் காட்சிக்கூடம் திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்து வரைய அனுமதி உண்டு. ஆனால், அசலின் அதே அளவில் வரையக்கூடாது! போலி என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது அல்லவா?

அதனால் வரைந்து முடித்ததும் ரவிவர்மா பெயரைப் போடாதீர்கள். 'ரவிவர்மா ஓவியத்தைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, உங்கள் பெயரைப் போடுங்கள். பரீட்சையில் காப்பி அடிப்பவன் மறைப்பான். நீங்களோ சொல்லிவிட்டே செய்கிறீர்கள்!

எங்கே, பென்சிலைக் கையில் எடுத்தாச்சா?