டெல்லி எடுக்கும் முடிவு, பாளையம்பட்டி பருத்தி விலையை மாற்றுவது எப்படி? வெளியுறவுக் கொள்கையைத் தீர்மானிப்பது யார்?

வெளியுறவுக் கொள்கை என்றதும், பிரதமர் விமானத்திலிருந்து இறங்கிக் கைகுலுக்கும் படம்தான் நினைவுக்கு வரும். அருப்புக்கோட்டையை ஒட்டியிருக்கும் பாளையம்பட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. வானம் பார்த்த கரிசல் பூமி இது. பருத்தி போடுபவர்களும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள், அதை வாங்கும் நூற்பாலைகளும் இங்கேதான் இருக்கின்றன. இரு தரப்பின் கணக்கையும் 2025-ல் சில வாரங்களில் மாற்றியவை, வெகு தொலைவில் எடுக்கப்பட்ட முடிவுகள்.

என்ன நடந்தது?

2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25% வரி விதித்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25% சேர்த்தது. மொத்தம் 50%. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போனார்கள்.

ஜவுளித் துறைக்கு உதவ, பருத்தி மீதான 11% இறக்குமதி வரியை மத்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள்.

நூற்பாலைக்கு இது நல்ல செய்தி. விவசாயிக்கு? வெளிநாட்டுப் பருத்தி மலிவாக வந்து இறங்கினால், உள்ளூர்ப் பருத்திக்கு யார் விலை கொடுப்பா என்ற கவலை. இங்கே மானாவாரிப் பருத்தி, வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுவது. அதாவது, விதைக்கும் நேரத்திலேயே வரி நீங்கிவிட்டது. நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய்தான். ஆனா, இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் எட்டினால்தான் அது விவசாயி கைக்கு வரும்.

முடிவெடுப்பது யார் யார்?

பிரதமரும் அவரது அலுவலகமும்: பெரிய முடிவுகள் இங்கேதான். நேரு 1947 முதல் 1964 வரை வெளியுறவுத் துறையையும் தானே வைத்திருந்தார்.

வெளியுறவு அமைச்சகம்: தூதரகங்கள் வழியாகத் தினசரி வேலை நடக்கும் இடம். அமைச்சர் ஜெய்சங்கர், 2015 முதல் 2018 வரை இதே அமைச்சகத்தின் செயலராக இருந்தவர்.

தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்: 1998-ல் உருவான பதவி. வரிச் சிக்கல் வெடித்த அதே ஆகஸ்ட்டில், இப்பதவியில் உள்ள அஜித் தோவல் மாஸ்கோ சென்றார்.

வர்த்தக அமைச்சகம்: வணிகப் பேச்சுவார்த்தைகள் இதன் பொறுப்பு. 2025 ஜூலை 24-ல் பிரிட்டனுடனான ஒப்பந்தத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்டவர், வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல்.

நிதி அமைச்சகம்: பருத்தி வரி விலக்கு, இதன் அறிவிக்கையாகத்தான் வந்தது. சுங்கச் சட்டப்படி இதற்கு நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை.

நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை?

நம் நாட்டில் ஒரு வெளிநாட்டு ஒப்பந்தம் செல்ல, நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால் மட்டும் சபைக்கு வரும். அப்போதும் அரசியலமைப்பின் 253-வது பிரிவு, மாநிலப் பட்டியலில் உள்ள விஷயங்களிலும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

சிக்கலே இங்கேதான். விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வெளியுறவு, வெளிநாட்டு வணிகம், சுங்க வரி மூன்றும் மத்தியப் பட்டியலில். பருத்தி வயல் மாநிலத்தின் பொறுப்பு, அந்தப் பருத்திக்குப் போட்டி வரும் துறைமுக வாசல் டெல்லியின் கையில்.

மாநிலங்களின் பேச்சு எடுபடுமா?

சட்டப்படி அதிகாரம் இல்லை. அரசியல்படி, சில நேரம் எடுபடும். 2011-ல் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி எதிர்த்ததால், வங்கதேசத்துடனான தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. 2013 மார்ச்சில் இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக திமுக மத்தியக் கூட்டணியிலிருந்து வெளியேறியது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது, ஆனால் திமுக கேட்ட கடுமையான வாசகங்கள் அதில் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டு வாக்கெடுப்பில் இந்தியா கலந்துகொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டது. கூட்டணிக் கணக்கில் பலம் இருந்தால் மாநிலத்தின் குரல் கேட்கும். இல்லையென்றால் முதல்வர் எழுதும் கடிதத்தோடு நின்றுவிடும்.

அப்போ, யாரிடம் கேட்பது?

வெளியுறவு அமைச்சகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பருத்தி விவசாயிக்குப் பதில் கிடைக்காது. வரி என்றால் நிதி அமைச்சகம், ஒப்பந்தம் என்றால் வர்த்தகம், கொள்முதல் என்றால் பருத்திக் கழகம் இருக்கும் ஜவுளி அமைச்சகம். இந்த அமைச்சகங்களிடம் கேள்வி கேட்கும் உரிமை எம்.பி.க்களுக்கு உண்டு. அமைச்சகங்களைக் கண்காணிக்கும் நாடாளுமன்ற நிலைக்குழுக்களும் உண்டு.

அருப்புக்கோட்டை சட்டமன்றத் தொகுதி விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும், திருச்சுழி ராமநாதபுரத்திலும் வருகின்றன. ஆக, இந்த ஒரே கரிசல் வட்டாரத்துக்காகக் கேள்வி கேட்க இரண்டு எம்.பி.க்கள் இருக்கிறார்கள். ஆனால் பருத்தி மலிவாக வேண்டும் என்று நூற்பாலைகள் சங்கமாகச் சேர்ந்து கேட்கின்றன. நல்ல விலை வேண்டும் என்று கேட்க வேண்டிய மானாவாரி விவசாயியோ பெரும்பாலும் தனியாள். டெல்லியில் எந்தக் குரல் முதலில் கேட்கும் என்பதை இந்த வித்தியாசமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.