போப்பா, பேரரசரா? எதிர்வீட்டுக்காரன் எந்தக் கட்சி?

இடைக்கால இத்தாலிய நகரங்களின் கதையில் இரண்டு பெயர்கள் ஓயாமல் வரும். குவெல்ஃப் என்றால் போப் கட்சி, கிபெல்லின் என்றால் புனித ரோமப் பேரரசரின் கட்சி. மேலோட்டமாக இது சரிதான். இத்தாலியில் யார் கை ஓங்குவது என்பதில் அந்த இருவருக்கும் தீராத வழக்கு. மிலான் போன்ற வடக்கத்தி வணிக நகரங்களோ தம்மைத் தாமே ஆளப் பழகிவிட்டன. வரியும் அதிகாரமும் தனக்கே என்று படையோடு வந்த பேரரசர் பார்பரோசாவை 1176-இல் லெஞ்ஞானோவில் அவை முறியடித்தன. போப் அவற்றின் பக்கம் நின்றார்.

ஊருக்குள் இறங்கிப் பார்த்தால் விஷயம் வேறு. ஃப்ளோரன்ஸ் இரண்டாகப் பிளந்ததற்குப் பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணம், நின்றுபோன ஒரு கல்யாணம். புவொன்டெல்மொன்டே என்ற இளைஞனுக்கு அமிதேய் குடும்பத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. அவளைக் கைவிட்டு தொனாத்தி வீட்டுப் பெண்ணைக் கட்ட முனைந்தான். 1216 ஈஸ்டர் அன்று பொன்டே வெக்கியோ பாலத்தின் முனையில், மார்ஸ் சிலையடியில், அவனைக் குதிரையிலிருந்து இழுத்துப் போட்டுக் கொன்றார்கள். இதில் போப் எங்கே வந்தார், பேரரசர் எங்கே வந்தார்? குடும்பப் பகைதான் முதலில். கட்சிப் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நகரங்களுக்கிடையேயும் இதே கணக்குதான். ஃப்ளோரன்ஸ் குவெல்ஃப் பக்கம் சாய்ந்ததும், தொழிலில் அதற்குப் போட்டியான சியேனா கிபெல்லின் ஆனது. 1260 செப்டம்பர் 4-இல் மொன்டபெர்ட்டியில் சியேனாவும், பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் மகன் மன்ஃபிரெட் அனுப்பிய ஜெர்மன் குதிரைப்படையும் சேர்ந்து ஃப்ளோரன்ஸை நொறுக்கின. ஊருக்குள் வந்த கிபெல்லின்கள் எதிர்க்கட்சிக்காரர்களின் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். பின்னால் எடுத்த நட்டக் கணக்கில் மாளிகைகள் 103, வீடுகள் 580, கோபுரங்கள் 85. கோபுரம் என்றால் கோயிலுடையது அல்ல. வசதியான குடும்பங்கள் சண்டைக்கென்றே கட்டிவைத்த கல் கோபுரம்.

சியேனாவுக்கு வந்த முதல் அடி கத்தியால் வந்ததல்ல. கிபெல்லின் வங்கியாளர்களிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டாம் என்று போப் சொல்லிவிட்டார். முதல் போய்விடும் என்று தெரிந்ததும் சியேனாவின் பணக்காரர்கள் பலர் குவெல்ஃப் ஆனார்கள். ஃப்ளோரன்ஸ் வங்கியாளர்களோ மன்ஃபிரெட்டை எதிர்க்கப் போப் அழைத்துவந்த ஆஞ்சுவின் சார்லஸுக்குப் பணம் கொடுத்தார்கள். 1266-இல் பெனெவென்டோ போரில் மன்ஃபிரெட் மாண்டார். கிபெல்லின்களின் செல்வாக்கு சரிந்தது.

எதிரி ஒழிந்ததும் அமைதி வந்ததா? வென்ற குவெல்ஃபுகள் கறுப்பர், வெள்ளையர் என்று தமக்குள்ளேயே பிரிந்தார்கள். 1289-இல் கம்பால்தினோவில் கிபெல்லின்களை எதிர்த்துக் குதிரையேறிப் போரிட்ட கவிஞர் தாந்தே, வெள்ளைக் குவெல்ஃப். 1302-இல் கறுப்புக் குவெல்ஃபுகள் அவரை நாடு கடத்தி, அகப்பட்டால் உயிரோடு எரிப்போம் என்று தீர்ப்பெழுதினார்கள். அந்த ஜூன் மாதமே சான் கோதென்ஸோ என்ற மலையூரில், ஃப்ளோரன்ஸ் மீது போர் தொடுக்க உடன்படிக்கை செய்துகொண்டவர்களில் தாந்தேயும் ஒருவர். அவரோடு அங்கே இருந்தவர்கள் உபெர்ட்டி குடும்பத்தார், தலைமுறை தலைமுறையாகக் கிபெல்லின்கள்.