கதிர் வரும் முன் புல்லை அடையாளம் காண்பது எப்படி?

நெல் வயலில் குதிரைவாலிப் புல்லைக் கதிர் விட்டபின் யாரும் கண்டுபிடித்துவிடலாம். அதற்குள் அது போட்ட உரத்தில் பங்கு தின்றிருக்கும். இளம் பயிரில் இரண்டும் ஒரே பச்சை. கைதேர்ந்தவர்களே களையை விட்டு நாற்றைப் பிடுங்கிவிடுவதுண்டு.

இலையை மெல்ல விலக்கி, அது தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே வெண்மையான சவ்வு ஒன்று நாக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். இருபுறமும் மயிர் அடர்ந்த சிறு மடல்கள் தண்டைத் தழுவியிருக்கும். குதிரைவாலியில் இரண்டுமே கிடையாது.

ஏன் இவ்வளவு அவசரம்? நல்ல வெயிலில் கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்குவதில் குதிரைவாலி நெல்லை முந்திவிடும். ஒளிச்சேர்க்கையில் அது சி4 வகை, நெல் சி3.

கோரையின் கதை வேறு. தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். அது புல் குடும்பமே அல்ல. புல்லுக்கென்றே உள்ள களைக்கொல்லி அதை அசைக்காது. உழுதாலோ கிழங்குச் சங்கிலி அறுந்து, துண்டுக்கொரு செடி கிளம்பும்.

மேய்ச்சலிலும் புல்லை முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். காங்கயம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் விரும்பும் கொழுக்கட்டைப் புல்லை விதை உதிரும்வரை விட்டுவைத்தால் அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும். ஊசிப்புல்லுக்கு நேர்மாறு: பூக்கும் முன்பே மேய்த்துவிட வேண்டும். முற்றினால் அதன் கூர்விதை ஆட்டின் தோலைத் துளைக்கும்.