மலைப் பயணத்துக்கு ஒரு கத்தி

விடுமுறை வந்ததும், தில்லியில் வசிக்கும் நம்மவர் பிள்ளைகள் கட்வால் மலைகளை நோக்கியும், மும்பை, புணே நகரங்களில் வசிப்போர் சஹ்யாத்ரிக் கோட்டைகளை நோக்கியும் கூடாரமும் மூட்டையுமாகப் புறப்படுவது இன்று சகஜமாகிவிட்டது. அம்மூட்டையில் ஒரு கத்தியும் இருத்தல் அவசியமே. கயிறு அறுக்கவும், சுள்ளி சீவவும், காய் நறுக்கவும், காயத்திற்குக் கட்டுத்துணி வெட்டவும் அது வேண்டும். ஆனால் கடைக்காரர் காட்டுவனவற்றுள் மிகப் பெரியதே மிகச் சிறந்தது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது சரியன்று.

மடக்குக் கத்தி சட்டைப் பைக்கு வசதியானது. எனினும் அதன் மூட்டில் மண்ணும் ஈரமும் புகும். பூட்டு நழுவினால் அலகு விரல்மீதே மடங்கும். மடங்காத கத்தியில் இவ்வபாயம் இல்லை. அதிலும், அலகின் எஃகு கைப்பிடியின் கடைசி வரையில் ஒரே துண்டாக ஓடியிருப்பதே உறுதி மிக்கது. 1982-ஆம் ஆண்டில் ‘ஃபர்ஸ்ட் பிளட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்த பின், தீக்குச்சி முதலியவற்றை உள்ளே வைக்கத்தக்க பொள்ளலான பிடியுடைய கத்திகள் பிரபலமாயின. அவற்றின் மலிவான நகல்கள், அலகும் பிடியும் சேரும் இடத்தில் எளிதில் ஒடியக்கூடியவை. அவற்றை விலக்குவோமாக.

அலகு 4 அங்குல நீளமும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிப்பும் இருந்தால் போதும். ரம்பப் பல் இல்லாத நேரான விளிம்பே தீட்டுவதற்கு எளிது. கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும். ஆனால் துடைத்து எண்ணெய் பூசாவிடில் துருவேறும். மழைக்காலத்தில் சஹ்யாத்ரி ஏறுவோர்க்குக் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகே உகந்தது. கத்தியை இறுகப் பற்றும் உறையும் இன்றியமையாதது.

அயலூரில் வாழும் நாம் சட்டத்தையும் மறத்தலாகாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ மிஞ்சும் கத்திகளை, வீட்டு உபயோகம், விவசாயம் முதலியவற்றுக்கென அமைந்தவை நீங்கலாக, ஆயுதமாகவே வகைப்படுத்துகின்றன. மலையூர்க் கடைகளில் நினைவுப் பொருளாக வாங்கும் குக்ரி பல சமயம் இவ்வளவைத் தாண்டிவிடும். இடத்துக்கு இடம் வேறு உத்தரவுகளும் உண்டாதலால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டறிவது நலம். மொழி சரளமாக வராத ஊரில், இடுப்பில் தொங்கும் கத்திக்குக் காவலரிடம் காரணம் சொல்லி நிற்பது எளிதன்று. ஆகையால் மலையடிவாரம் சேரும் வரையில் அது மூட்டையின் அடியிலேயே இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில் வைக்க அனுமதி இல்லை. ஒப்படைக்கும் பெட்டியிலேயே வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. உட்கார்ந்து மடிமீது வைத்துக் குச்சி சீவுதல் கூடாது. தொடையின் உட்புறத்தில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. கத்தி தவறி அது அறுபட்டால் சில நிமிஷங்களில் உயிருக்கே ஆபத்து நேரலாம். மலைமேல் வைத்தியர் அருகில் இரார். முழங்காலுக்கு வெளியே, உடலை விட்டு விலகும் திசையிலேயே சீவ வேண்டும். பிறரிடம் கொடுக்கையில் பிடியை அவர் பக்கம் நீட்ட வேண்டும்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே கத்தியை வாங்குவோம். மகனாயினும் மகளாயினும், அதனாலேயே சமையலறையில் காய் நறுக்கவும், சாணைக் கல்லில் தீட்டவும் நம் கண்ணெதிரில் பழகட்டும்.