ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடப் படம்

கிரிக்கெட் பந்தயமோ ஒலிம்பிக்ஸோ, தொலைக்காட்சியில் ஆட்டம் தொடங்குமுன் ஒரு சிறிய படம் ஓடும். ஓடும் கால்கள், பறக்கும் பந்து, கண் கலங்கிய முகம், இசை, கம்பீரமான ஒரு குரல். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நாம் காபி டம்ளரோடு வந்து உட்காருவதற்குள் பொழுதைப் போக்கும் படம் என்றே பலரும் நினைக்கிறோம். அதன் வேலை வேறு. முன்பின் தெரியாத ஒரு வீரரைக் குறித்து, "இவர் ஜெயிப்பாரா?" என்ற தவிப்பை நமக்குள் மூட்டிவிடுவதுதான்.

பொங்கல் விளையாட்டு விழாவுக்கு இப்படி ஒரு படத்தைத் தாங்களே எடுக்க நம் சங்கத்துப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். கைபேசி போதும். ஆனால் கணக்கு தெரிய வேண்டும்.

நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 படச்சட்டங்கள். ஒரு நிமிடத்துக்கு 1500. ஒரு காட்சிக்கு இரண்டு நொடி என்றால் முப்பது காட்சிகளே இடம் பெறும். ஓடும் ரயிலின் ஓட்டுநர் சிக்னலைப் பார்த்ததும் புரிந்துகொள்வதுபோல, ஒவ்வொரு காட்சியும் பார்த்த கணமே புரிய வேண்டும். ஆகவே முகம், கை, கால் என்று நெருங்கி எடுப்பார்கள். நொடிக்கு 50 சட்டங்களாக எடுத்து 25 ஆக ஓட்டினால் ஓட்டம் பாதி வேகத்தில் தெரியும். பெரும்பாலும் இசையை முதலில் முடிவு செய்து, அதன் தாளத்துக்கேற்பக் காட்சிகளை வெட்டி ஒட்டுவார்கள். குரலில் சொற்கள் குறைவாக இருப்பதே நல்லது.

இவ்வகைப் படங்களில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 1961இல் தொடங்கிய 'வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ்' நிகழ்ச்சியின் முகப்புப் படம். அதில் அறிவிப்பாளர் ஜிம் மெக்கே வெற்றியின் சிலிர்ப்பைச் சொல்லும்போது வந்த காட்சிகள் காலத்துக்குக் காலம் மாறின. தோல்வியின் வேதனையைச் சொல்லும்போது வந்த காட்சியோ பல ஆண்டுகள் மாறவே இல்லை. சறுக்குப் பாதையில் நிலைகுலைந்து, உருண்டு புரண்டு விழும் ஒரு பனிச்சறுக்கு வீரர்.

அவர் பெயர் வின்கோ போகதாய். யூகோஸ்லாவியாவின் ஸ்லோவேனியப் பகுதியைச் சேர்ந்தவர். 1970 மார்ச்சில் மேற்கு ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் அவர் தாண்டவிருந்த வேளையில் பனி கொட்டியது. பாதை மட்டுமீறிய வேகமாகிவிட்டதைப் பாதியில் உணர்ந்து நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை, விழுந்தார். சில நொடிக் காட்சிதான். அதைப் பார்த்த அமெரிக்கர்களுக்கு அவர் தோல்வியின் உருவமாகவே ஆகிப்போனார்.

படம் காட்டாதது எது தெரியுமா? அவர் பிழைத்தார், மறுபடியும் தாண்டினார், பிறகு பயிற்சியாளரானார். 1991இல் உலகப் பட்டம் வென்ற ஃபிராஞ்சி பெட்டெக் அவரிடம் பயின்றவர். தம் வீழ்ச்சி கடல் கடந்து புகழ் பெற்றது அவருக்கு நெடுங்காலம் தெரியாது. 1981இல் அந்நிகழ்ச்சியின் இருபதாம் ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்தபோது, அரங்கம் அவருக்குப் பெருத்த கைதட்டல் கொடுத்தது. முகம்மது அலியே அவரிடம் கையெழுத்துக் கேட்டாராம்!

ரயில்வேயில் ஒரு வண்டி தடம் புரண்டால், புரண்ட இடத்தை மட்டும் நாங்கள் அளப்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பாதையையும் அளந்த பிறகே முடிவு எழுதுவோம். ஒரு நிமிடப் படத்தில் அதற்கு இடம் கிடையாது. ஆகவே எதைச் சேர்ப்பது என்பதில் எடுப்பவருக்குப் பொறுப்பு அதிகம்.

பிள்ளைகளே, சாக்கு ஓட்டத்தில் ஒரு குழந்தை விழுவதை எடுத்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் குழந்தையும் முன்வரிசையில் அமர்ந்து பார்க்கும் என்பதை மறக்காதீர்கள். கேமராவை இன்னும் ஐந்து நொடி நிறுத்தாமல் வையுங்கள். குழந்தை எழுந்து ஓடும். அதையும் சேர்த்து ஒட்டுங்கள்.